மாவில் விழுந்த சொட்டு

மெஸ் அக்காவுக்கு எல்லாமே ‘ச்சீ’தான். குளியலறைச் சாக்கடைத் துளையில் சுருண்டு கிடக்கும் தலைமுடி ச்சீ. தட்டு ஓரத்தில் சப்பிப் போட்ட முருங்கைக்காய் ச்சீ. விரலில் எச்சில் தொட்டு டிக்கெட் கிழிக்கும் கண்டக்டர் ச்சீ. டம்ளரை உதட்டில் வைத்துத் தண்ணீர் குடிக்கும் பெண் எல்லாவற்றையும்விடப் பெரிய ச்சீ.

“வாய வச்சி உறிஞ்சிகினு கீற? உன் எச்சிய அடுத்தவ குடிக்கணுமா? தூக்கிக் குடிம்மே!”

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் இருந்த மூன்று மாடி லேடீஸ் ஹாஸ்டல் அது. முப்பது பெண்கள் இருந்தோம். நான் கரூர்ப் பக்கத்திலிருந்து வந்து, கம்ப்யூட்டரில் படிவங்களைச் சரிபார்க்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தேன். மெஸ் அக்காதான் எங்களுக்குச் சமைத்தாள். தரைத்தளத்தில் சமையலறையை ஒட்டிய சின்ன அறை அவளுடையது. புருஷன் எப்போதோ விட்டுவிட்டுப் போயிருந்தான். நெமிலிச்சேரியில் ஒரு தங்கச்சி மட்டும் உண்டு. ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவு. கனத்த உடம்பு. இடது புருவத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு ஓடும். சென்னீர்குப்பத்தில் ஷேர் ஆட்டோ கவிழ்ந்தபோது கம்பியில் நெற்றி மோதியதாம். ஏழு தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

அவளுடைய பெயரை நான் வெகு நாள் கழித்து ஆஸ்பத்திரிச் சீட்டில்தான் பார்த்தேன். அதை இங்கே எழுதும் தகுதி எனக்கு இல்லை.

சேர்ந்த முதல் மாதமே வெளியில் எதையோ தின்று எனக்கு வயிறு கெட்டுப்போனது. அறையில் மூன்று நாள் சுருண்டு கிடந்தேன். அக்கா கஞ்சி கொண்டுவருவாள். ஆனால் கட்டிலுக்கு அருகில் வரமாட்டாள். வாசற்படியில் நின்று, கஞ்சிக் கிண்ணத்தை ஒரு ஸ்டூல் மேல் வைத்து, அந்த ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளுவாள். முகம் மட்டும் வராந்தா பக்கம் திரும்பியிருக்கும்.

“எடுத்து குடி. வாந்தி மட்டும் எடுத்துறாத. நீ எடுத்தா நானும் எடுத்துருவேன்.”

சிரிப்பாக வந்தது. அன்றைக்கு மட்டும் நான்கு முறை வந்தாள். நான்கு முறையும் ஸ்டூலைக் காலால்தான் தள்ளினாள். அவளுக்கு இருந்த அன்பு அந்தத் தூரத்தில் நின்றுதான் வரும்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. காலையில் பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, எதிரில் வருகிற பெண்ணின் மூக்குக்கு நேரே நீட்டுவாள். “மோந்து பாரு. கெட்டுப்பூச்சா?” நேற்றைய சாம்பார், ஊறவைத்த பருப்பு, கைப்பிடித் துணி என்று எல்லாவற்றையும் எங்களை மோந்து பார்க்கச் சொல்வாள். ஒருத்தி வாயில் பற்பசை நுரையோடு நின்றபோதுகூட விடவில்லை. நாங்கள் மோந்து பார்த்துச் சொன்ன பிறகும் சந்தேகம் தீராமல் பாத்திரத்தை மறுபடி தேய்ப்பாள். சமையலறை எந்நேரமும் ஈரமாக இருக்கும். சுத்தப் பைத்தியம் என்று அவளுக்குப் பின்னால் பேசிச் சிரித்தோம்.

மழைக்காலம் தொடங்கியபோது அவளுக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது.

ஜலதோஷம் என்றாள். தெருமுனைக் கிளினிக்கில் அலர்ஜி என்று மாத்திரை கொடுத்தார்கள். மழை நின்றது. பொங்கல் போனது. வெயிலும் வந்துவிட்டது. மூக்கு நிற்கவில்லை. இடுப்பில் ஒரு துணி செருகியிருப்பாள். அரிசி களையக் குனிந்தால், காய் நறுக்கக் குனிந்தால், உடனே நிமிர்ந்து துடைத்துக்கொள்வாள். துடைத்த கையை சோப்புப் போட்டுக் கழுவுவாள். மறுபடி குனிவாள், துடைப்பாள், கழுவுவாள். விரல் இடுக்குகளெல்லாம் வெளுத்து வெடித்துப்போயின. ச்சீ சொல்வது குறைந்தது. எங்களைப் பார்த்துச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை என்று நினைக்கிறேன்.

ஒரு நாள் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது அவளுடைய மூக்குத் துணிகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. என் துப்பட்டாவுக்குப் பக்கத்தில். நான் துப்பட்டாவை விரல் நுனியால் இழுத்தெடுத்துக்கொண்டு போய் மறுபடி துவைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எனக்குச் சீக்கிரம் பசித்துவிட்டது. சமையலறை வாசலில் போய் நின்றேன். அக்கா எனக்குப் பக்கவாட்டில் நின்று, தோசை மாவுக் குண்டானில் கை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். நன்றாகக் குனிந்திருந்தாள். மூக்கு நுனியில் ஒரு சொட்டு திரண்டு தொங்கியது. கண்ணாடி மணி போல. அதில் ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது. பிறகு அது மாவில் விழுந்தது. இன்னொன்று திரண்டது. அதுவும் விழுந்தது. அவள் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

எத்தனை நாள் இந்த மாவில் தோசை தின்றிருக்கிறேன்! சட்னியில், ரசத்தில், மோரில் எத்தனை சொட்டு? வாயைப் பொத்திக்கொண்டேன். இன்னொரு கை போனை எடுத்தது. இருபது வினாடி இருக்கும். நான்கு சொட்டு விழுவதைப் பிடித்தேன்.

“அக்கா, மூக்கு” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. மாடிக்கு ஓடி, பாத்ரூமில் வாந்தி எடுத்துவிட்டு, ஹாஸ்டல் வாட்ஸ்அப் குழுவில் வீடியோவைப் போட்டேன். கீழே ஒரு வரி எழுதினேன்: “இன்னைக்கு தோசைல அக்காவோட ஸ்பெஷல்.” எழுதும்போது எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. அதை மறைத்து எழுத விரும்பவில்லை.

கால் மணி நேரத்தில் ஹாஸ்டலில் இருந்தவர்கள் எல்லோரும் கீழே வந்துவிட்டார்கள். ஓனர் அம்மா பக்கத்துத் தெருவிலிருந்து வந்தார். யாரோ வீடியோவை மட்டும் அவருக்கு அனுப்பியிருந்தார்கள்.

“என்னம்மா இது? பொண்ணுங்க சாப்பிடற சாப்பாடு!” என்று போனை அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அக்கா பார்த்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தாள். ஒரு சொட்டு விழுந்ததும் “ச்சீ” என்றாள், வேறு யாரையோ பார்ப்பது போல. இரண்டாவது சொட்டு விழுந்தபோது அவள் முகம் மாறியது. திரும்பி ஓடிப்போய், பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் குமட்டிக் குமட்டி வாந்தி எடுத்தாள்.

வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, “சத்தியமா தெரிலம்மா. தொடச்சிகினேதான் இருந்தேன். எப்ப உழுந்திச்சினே தெரில” என்றாள்.

“இதுவரைக்கும் எவ்ளோ விழுந்துச்சோ!” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. வேறொருத்தி ஓங்கரித்துக் காட்டினாள். நான் எல்லோருக்கும் பின்னால் நின்றேன்.

“சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிடு” என்றார் ஓனர் அம்மா.

அக்கா மாவைச் சாக்கடையில் கொட்டினாள். குண்டானைத் தேய்த்தாள். பிறகு அலமாரியில் இருந்த அத்தனை பாத்திரத்தையும் இறக்கி, ஒன்று விடாமல் தேய்த்தாள். அதற்கே மதியமாகிவிட்டது. மூக்குக்குக் குறுக்கே ஒரு துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். துணி நனைந்து சொட்டியது. ஒரு பையோடு தெருவில் இறங்கிப் போனதை நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். தலையை அண்ணாந்து வைத்துக்கொண்டு நடந்தாள், கீழே எதுவும் விழுந்துவிடக் கூடாது என்பது போல.

மூன்றாம் மாடியில் ஒரு நர்ஸ் பெண் இருந்தாள். இரண்டு நாள் தொடர்ந்து டியூட்டி முடித்துச் செவ்வாய்க்கிழமை காலை வந்தவள், அப்போதுதான் வீடியோவைப் பார்த்தாள். நேராக என் அறைக்கு வந்தாள்.

“இது சளி இல்லடி. ஒரு பக்க மூக்குல மட்டும் வருது பாரு. குனிஞ்சா மூடாத குழாய் மாதிரி சொட்டுச் சொட்டா விழுது. சளியா இருந்தா இழுத்துக்கிட்டுத் தொங்கும். அவங்க துணி காஞ்சா மொடமொடன்னு இருக்குமா?”

கொடியில் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்த துணிகள் நினைவுக்கு வந்தன. எல்லாம் துவைத்த துணி போல மெத்தென்று இருந்தன.

“இல்ல” என்றேன்.

“மூளையச் சுத்தி இருக்கற தண்ணிடி இது. எங்கயோ எலும்புல ஓட்டை இருக்கு. தண்ணி வெளிய வர்ற வழியா கிருமி உள்ள போகும். போனா ஆள் தாங்காது. அவங்க எங்க இருக்காங்க?”

எனக்கு மறுபடி குமட்டியது. மூளைத் தண்ணீர் தோசை மாவில். இதுதான் முதலில் தோன்றியது. அக்காவுக்கு என்ன ஆகும் என்பது இரண்டாவதாகத்தான் தோன்றியது.

தங்கச்சி வீட்டில்தான் இருப்பாள் என்று, அம்பத்தூரில் ரயிலேறி நாங்கள் இரண்டு பேரும் நெமிலிச்சேரி போய் இறங்கினோம். ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரத்தில் தங்கச்சியின் வீடு. ஒற்றை அறை. தங்கச்சி துணிக் கம்பெனிக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். “நேத்துலேர்ந்து காய்ச்சல். தல வலிக்குதுன்னு படுத்துகினே கீது. லைட்ட போட்டா கத்துது” என்றாள். அக்கா சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நர்ஸ் பெண் அவள் தலைக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். கழுத்து வளையவில்லை. கட்டை போல மொத்த உடம்பும் எழும்பியது.

ஆம்புலன்ஸில் நகரத்துக்குள் இருந்த பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூளையைச் சுற்றிய சவ்வில் கிருமித் தொற்று என்றார்கள். பத்து நாளுக்கு மேல் ஊசி ஏறியது. முதல் நான்கு நாட்கள் அவளுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. ஐந்தாம் நாள் கண் திறந்து, பக்கத்துக் கட்டிலுக்கு அடியில் இருந்த பேசினைப் பார்த்து, ஈனஸ்வரத்தில் “ச்சீ” என்றாள். தங்கச்சி அழுதுகொண்டே சிரித்தாள்.

தெளிந்த பிறகு, மூக்கு அறுவை செய்கிற டாக்டரம்மா வந்தார். இளவயதுக்காரர், பொறுமைசாலி. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

“புருவத்துக்கு மேல, நெத்தி எலும்புக்குள்ள எல்லாருக்கும் ஒரு காத்து அறை இருக்கு. அதோட பின்சுவருக்கு அந்தாண்ட மூளை. உங்களுக்கு அந்தப் பின்சுவர்ல விரிசல். பழைய அடி. அது வழியாத்தான் தண்ணி எறங்கி மூக்குக்கு வருது. வாசனையெல்லாம் தெரியுதாம்மா?”

அக்கா தயங்கினாள். பிறகு, “அந்த ஆட்டோ கவுந்ததுலேர்ந்து தெரியாதுங்க. ரெண்டு வருசமாச்சு” என்றாள்.

“யார்கிட்டயும் சொல்லலையா?”

“சமையல்காரிக்கு மூக்கு வேல செய்லனா யாரு வேல தருவாங்க?”

நான் கட்டிலின் காலடியில் நின்றுகொண்டிருந்தேன். காலை வேளைகளில் எங்கள் மூக்குக்கு நேரே நீட்டிய பால் பாத்திரம் எதற்கென்று அப்போதுதான் தெரிந்தது. கெட்டதா நல்லதா என்று தெரியாமல், எதையும் நம்ப முடியாமல், அவள் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள்.

டாக்டரம்மா அறுவையை விளக்கினார். விரிசல் ரொம்ப மேலே இருந்ததால் மூக்கு வழியாகக் குழாய் விட்டு எட்ட முடியாதாம். முடிக்குள் மறைகிற மாதிரி ஒரு காதிலிருந்து இன்னொரு காது வரை கீறி, நெற்றித் தோலைக் கண்வரை கீழே மடிப்பார்களாம். நெற்றி எலும்பில் ஒரு மூடியைத் திறந்து, காற்று அறையின் உள்தோலை ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் சுரண்டி எடுப்பார்களாம். தொடையிலிருந்து கொஞ்சம் சவ்வு எடுத்து ஓட்டையை மூடி, நெற்றி எலும்பின் மேல் இருக்கும் சவ்வை உரித்து உள்ளே மடித்து அதற்கு மேல் போர்த்தி, வயிற்றுக் கொழுப்பைக் கொண்டு அறையை அடைத்துவிடுவார்களாம்.

அக்கா முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ச்சீ! வயித்துக் கொழுப்ப கொண்டாந்து மண்டைல வெப்பீங்களா?”

“உங்க கொழுப்புதானேம்மா, வேற யாரோடதும் இல்ல” என்று டாக்டரம்மா சிரித்தார். கிளம்பும்போது திரும்பி நின்று, “முதல் நாள் அந்த நர்ஸ் பொண்ணு ஒரு வீடியோ காட்டுனாங்க. அதப் பார்த்ததும் எங்களுக்குச் சந்தேகமே இல்ல. யார் எடுத்ததும்மா?” என்று கேட்டார்.

நர்ஸ் பெண் அன்றைக்கு வரவில்லை. தங்கச்சி என்னைப் பார்த்தாள். அக்காவும் பார்த்தாள்.

“நான்தான்” என்றேன்.

டாக்டரம்மா தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அக்கா கையை நீட்டினாள். “காட்டு.”

வாட்ஸ்அப் குழுவில் வீடியோ கிடந்த இடத்தைத் திறந்து, அப்படியே போனைக் கொடுத்தேன். வேறு மாதிரி கொடுக்க எனக்குக் கை வரவில்லை. வீடியோவை அவள் பார்க்கவில்லை. அதன் கீழே இருந்த வரியை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். “இன்… னைக்கு… தோசைல… அக்காவோட… ஸ்பெஷல்.” அதற்குக் கீழே வாந்தி எடுக்கும் மஞ்சள் பொம்மைகள் வரிசையாக இருந்தன. அவற்றையும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: “அன்னிக்கி யாரும் அந்த மாவுல துன்னலியே?”

“இல்லக்கா. நீங்களே கொட்டிட்டீங்க.”

“கொட்டறதுக்கு முன்னாடி எவளுக்கும் ஊத்தலியே நானு?”

“இல்லக்கா.”

“அது போதும்” என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அறுவை விடிகாலையில் ஆரம்பித்து மதியம் தாண்டி முடிந்தது. தலைக்கட்டோடு, கண்கள் இரண்டும் வீங்கி மூடிப்போய், அவள் முகம் மண்பொம்மை போல இருந்தது. முதுகுத்தண்டில் மெல்லிய குழாய் செருகி, அதிலிருந்தும் அந்தத் தண்ணீரே ஒரு பைக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. மூக்கு சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். எழுந்திருக்கக் கூடாது. முக்கவே கூடாது, முக்கினால் ஒட்டுப் போட்டது பிய்ந்துவிடும். அதற்காக மலம் இளக மருந்து கொடுத்தார்கள்.

தங்கச்சிக்கு விடுப்பு தீர்ந்துவிட்டது. பகலில் நான் இருக்கிறேன் என்று ஆபீசில் லீவு சொல்லிவிட்டு வந்தேன். மருந்து வேலை செய்தது. மலத் தட்டை வைத்ததும் நான்தான், எடுத்ததும் நான்தான், துடைத்ததும் நான்தான். அன்பினால் செய்தேன் என்று எழுதினால் அது பொய். மூக்கால் மூச்சு விடாமல், வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். ஒரு முறை தட்டைக் கொட்டப் போன இடத்திலேயே வாந்தி எடுத்தேன். குற்ற உணர்ச்சி வந்தால் அருவருப்பு ஓடிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டும் ஒரே வயிற்றில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

அவளுக்கு என்னைவிட மோசம். டம்ளரில் உதடு படக் கூடாது என்றவளை நான் இடுப்புக்குக் கீழே துடைத்துக்கொண்டிருந்தேன். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வாள். வீங்கிய இமை இடுக்கிலிருந்து தண்ணீர் வழியும். நான் கூட இருந்த ஒன்பது நாளில் அவள் என்னோடு பேசியது “தண்ணி”, “போதும்”, “தட்டு” என்ற மூன்று வார்த்தைகள்தான்.

குழாயை எடுத்துவிட்டு, அவளை உட்காரவைத்து முன்னால் குனியச் சொன்னார் டாக்டரம்மா. அக்கா பயந்துகொண்டே குனிந்தாள். எல்லோரும் அவள் மூக்கு நுனியையே பார்த்தோம். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஆனது. எதுவும் விழவில்லை. மெதுவாகக் கையை எடுத்துப்போய் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். விரல் உலர்ந்திருந்தது. அந்த விரலையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு மாதம் கழித்து ஆப்பிள் வாங்கிக்கொண்டு நெமிலிச்சேரிக்குப் போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முடி கொஞ்சம் வளர்ந்திருந்தது. காதிலிருந்து காதுக்கு ஓடிய தழும்பு உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. உடம்பு தேறியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

“நல்லா இருக்கீங்களாக்கா?”

“கீறேன். மூக்கு ஒழுகல. வாசன மட்டும் வரல. வராதாம்.”

“மறுபடி எங்கயாச்சும் வேலைக்கு…”

“பாத்துகினு கீறேன்.”

உள்ளேயிருந்து தங்கச்சி, “உள்ள வாம்மா, டீ போடறேன்” என்று குரல் கொடுத்தாள்.

“அவளுக்கு வோணாம்” என்றாள் அக்கா. பிறகு கோபமில்லாமல், யோசித்து யோசித்துச் சொன்னாள். “இத பாரும்மே. நீ வந்து இட்டுகினு போவலன்னா நான் செத்துப் பூட்டிருப்பேன். அது எனுக்குத் தெரியும். எம் பீய அள்ளிப் போட்ட. அதுவும் தெரியும். நன்றி கெட்டவ இல்ல நானு. ஆனா உம் மூஞ்சியப் பாத்தா எனுக்கு வயித்தப் பொரட்டுது. நானும் வோணாம் வோணாம்னுதான் நெனைக்கிறேன். நிக்க மாட்டேங்குது. இன்னா பண்ணட்டும் சொல்லு?”

அவள் நிஜமாகவே கேட்டாள்.

“இனிமே வராத” என்றாள்.

“சரிக்கா” என்றேன். ஆப்பிள் பையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தரையில் வைக்கவா, திருப்பிக் கொண்டுபோகவா? அவள் கையை நீட்டவில்லை. தங்கச்சி வந்து வாங்கிக்கொண்டாள்.

ஹாஸ்டலுக்குத் திரும்பியபோது மதியச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. புது சமையல்காரி பரிமாறிக்கொண்டிருந்தாள். நான் தட்டோடு உட்கார்ந்ததும் எதிரில் இருந்த பெண் கேட்டாள்: “போய்ப் பாத்தியா? எப்படி இருக்காங்க?”

“நல்லா இருக்காங்க. குனிஞ்சாலும் இப்ப தண்ணி வரல. தொடைலேர்ந்தும் வயித்துலேர்ந்தும் எடுத்து வச்சது நல்லா ஒட்டிக்கிச்சு.”

“ஐயோ, சாப்பிடற நேரத்துல எதப் பேசற நீ!” என்று அவள் முகத்தைச் சுளித்து, தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனாள். பக்கத்தில் இருந்த இருவர் சிரித்தார்கள்.

நான் குனிந்து சாதத்தைப் பிசைந்தேன். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தேன்.